வேற ஒண்ணு

இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களாக்கா? முறுக்க வேண்டாம், சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னாப் போதும், முறுக்குறதை நான் பாத்துக்கிறேன். கம்பளி தண்ணி குடிச்சா ஒரு ஆள் கனம் கனக்குது. ஒத்தையாப் பிழிஞ்சா இந்தப் பக்கம் பிழியிறதுக்குள்ள அந்தப் பக்கம் மண்ணுல கெடக்கும். காலையில இருந்து இதை எப்படிப் பிழியப் போறோம்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன். நல்ல வேளை, நீங்க வந்தீங்க.

பக்கத்து வீட்டை வாடகைக்குப் பாக்கத்தானே வந்தீங்க? சாவி எடுக்கத்தான் போயிருக்காங்க வீட்டுக்காரம்மா. வந்துடுவாங்க. சாவி அவங்க மக வீட்டுல இருக்கும், அது ரயிலடிக்கு அந்தப் பக்கம். நீங்க இப்படி நிழல்ல வந்து நில்லுங்க. நல்ல வீடுதான்க்கா. தண்ணி உப்பு இல்ல. கொல்லை ரெண்டு வீட்டுக்கும் பொது, துவைக்கிற கல்லும் பொது. பக்கத்துல ஆள் வந்தா எனக்கும் ஒரு... இல்ல, எனக்கென்ன, நான் யார்கிட்டயும் அவ்வளவா பேச மாட்டேன். கூச்ச சுபாவம். எங்க வீட்டுக்காரவுங்களே சொல்லுவாங்க, உன் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள ஒரு மோட்டாரைக் கழட்டி மாட்டிடலாம்னு.

நல்லா இழுத்துப் பிடிங்க. ஆங், அப்படித்தான்.

மெஷினா? இருக்குக்கா. அதோ, குளிக்கிற ரூமுக்குப் பக்கத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. பின்பக்கத் தகரத்தைக் கழட்டினது கழட்டினபடியே இருக்கு. நான்தான் கழட்டினேன். சிரிக்காதீங்க, எட்டாவதோட நின்னவதான் நான், ஆனா அந்தத் தகரத்துல இருக்குற அத்தனை ஸ்குரூவையும் நான்தான் கழட்டினேன். அதை மறுபடி மாட்ட மனசு வரல. விட்டுட்டேன்.

அவுங்க மஸ்கட்டுல இருக்காங்க. ஓட்டலு, ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல துணி துவைக்கிற மெஷினுக்கெல்லாம் மெக்கானிக்கு. படத்துல காட்டுவாங்க, ஒவ்வொரு மெஷினும் நம்ம மாட்டுக் கொட்டகை அளவு. போறதுக்கு முன்னாடி பட்டுக்கோட்டையில ஒரு கடையில ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இந்த மெஷினும் யாரோ வேண்டாம்னு போட்டதை அவுங்க சரி பண்ணிக் கொண்டாந்ததுதான். மஸ்கட்டுக்குக் கிளம்புற அன்னைக்குக் கூட இதைத் துடைச்சு வச்சு, இது இருக்குல்ல உனக்குத் துணைக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க. துணியத் துவைக்கிறது என்னக்கா துணை. அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு வேலையைப் பாப்பேன். ஆனா ஒரு சத்தம் இருக்கும். மதியானத்துல அத்தை டிவிய அமத்திட்டுப் படுத்துடுவாங்க, மக பால்வாடிக்குப் போயிடுவா, அப்ப இது மட்டும் கடகடன்னு ஓடிக்கிட்டிருக்கும். அதுக்காகவே சில நாள் துவைச்ச துணியவே மறுபடி போட்டு ஓட விடுவேன். சும்மாதான். துணி வெளுக்கட்டுமேன்னு.

பொங்கல் கழிச்சு ஒருநாள் கெட்டுப் போச்சு. தண்ணி எடுத்துச்சு, மெதுவா ரெண்டு திருப்பு திருப்புச்சு, அப்புறம் சுத்துச்சு பாருங்க, பேய் பிடிச்ச மாதிரி. நின்ன இடத்தை விட்டு எம்பி எம்பி நடந்து வருது. மகி, எம் மக, மகிழினி, அவ என் காலைக் கட்டிக்கிட்டா. அப்புறம் படக்குன்னு நின்னுடுச்சு. விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டுது. மறுபடி போட்டா மறுபடி அதே ஆட்டம்.

அவுங்க தினம் போன் பண்ணுவாங்க. அந்தக் குறை சொல்லக் கூடாது. சாப்பிட்டியா, புள்ள சாப்பிட்டாளா, அம்மா மாத்திரை போட்டாங்களா, சரி வைக்கவா. அவ்வளவுதான். சாப்பிட்டேன்னு சொல்லிட்டா அதுக்கு மேல என்னக்கா பேசுறது? அவுங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்யாணம் ஆகி மக நாலு கால்ல தவழுற நேரத்துல போனவுங்க. இப்ப அவ ஓடுறா. அப்பா எங்கடின்னு கேட்டா போனைக் காட்டுவா. சார்ஜ் போட்டிருந்தா, அப்பா தூங்குதும்பா.

அன்னைக்குப் பேச ஒண்ணும் இல்லாமத்தான், மெஷின் நின்னுடுச்சுங்கன்னு சொன்னேன். நின்னுடுச்சா? எப்படி நின்னுச்சு? நிக்கிறதுக்கு முன்னாடி வேகமா சுத்துச்சா? சத்தம் மேல இருந்து வந்துச்சா, கீழ இருந்து வந்துச்சா? வாடை ஏதும் அடிச்சுச்சா? அடுக்கிக்கிட்டே போறாங்க. கட்டின நாள்ல இருந்து அவ்வளவு கேள்வி என்னைக் கேட்டதில்ல. நானும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கேன். அந்த மெஷின் எப்படிச் சுத்துச்சுன்னு வாயாலயே சத்தம் போட்டுக் காட்டினேன்க்கா. அவுங்க சிரிச்சாங்க. அத்தை உள்ளே இருந்து எட்டிப் பாத்தாங்க, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு.

சென்சார் போயிருக்கும்னாங்க. அப்படின்னா என்னங்கன்னு கேட்டேன். மோட்டாருக்குத் தான் எவ்வளவு வேகமா ஓடுறோம்னு தனக்கே தெரியாதாம். அதோட வால்ல ஒரு சின்ன வளையம் இருக்காம், அதுதான் வேகத்தைப் பாத்துப் பாத்துச் சொல்லணுமாம். அது சொல்லலேன்னா மோட்டாரு கண்ணு மண்ணு தெரியாம ஓடுமாம், அப்புறம் மெஷினே பயந்து போய் நிறுத்திடுமாம். யாரையும் கூப்பிடாத, வர்றவன் போர்டு போச்சும்பான், மோட்டாரு போச்சும்பான், நான் சொல்லித் தர்றேன், நீயே டெஸ்ட் பண்ணுன்னாங்க. நான் எப்படிங்க பண்றதுன்னேன். ஏன், அஞ்சு விரலு இருக்குல்லன்னாங்க.

அப்புறம் தினமும் அதே வேலைதான். மதியானம் அவுங்களுக்குச் சாப்பாட்டு நேரம். நான் புள்ளைய விட்டுட்டு வந்து, முகம் கழுவி, நல்ல சேலையா ஒண்ணைக் கட்டிக்கிட்டு மெஷின் பின்னால உக்காந்துடுவேன். எதுக்கு நல்ல சேலையா? அது வந்து, பழைய சேலை கால்ல சிக்கும்ல, மெஷின் வேலை பாக்குறப்ப ஆபத்துன்னுதான்.

போனைச் சோப்புத்தூள் டப்பா மேல சாத்தி வச்சுக்குவேன். முதல்ல பிளக்கைப் பிடுங்கினியா, கையில எடுத்துக் காட்டும்பாங்க. காட்டுவேன். காட்டினதுக்கு அப்புறமும், சத்தியமான்னு கேப்பாங்க. உன் மூக்கு மட்டும்தான் தெரியுது, போனைக் கொஞ்சம் பின்னால தள்ளு, அது என்ன மூக்குத்தி புதுசாம்பாங்க. புதுசு இல்லக்கா. போன வருசமே போட்டது. ஆமான்னு தலையை ஆட்டினேன்.

கரண்டு பாக்குற அவுங்களோட மீட்டர் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, மஞ்சள் கலரு. அதை எடுத்தா பேட்டரி தீந்து போயிருந்துச்சு. அந்தப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனதுதான் பெரிய பாடு. பேரு தெரியாது. பழசைக் கையில மூடி எடுத்துக்கிட்டுப் போய், கடைக்காரர் பாக்குற வரைக்கும் நின்னு, திறந்து காட்டினேன். அவரு, ஏம்மா, விழுந்த பல்லைப் பொத்துற மாதிரி பொத்தி எடுத்துட்டு வர்றியேங்குறாரு. அதை அவுங்ககிட்ட சொன்னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

மறுநாள் மீட்டர்ல இருக்குற திருகைத் திருப்பி, குதிரை லாடம் மாதிரி ஒரு குறி இருக்குமே, அதுல வைக்கச் சொன்னாங்க. மோட்டாரு வால்ல ரெண்டு மெல்லிசு ஒயரு. அதுல ஒண்ணு, இதுல ஒண்ணுன்னு குத்திப் பாக்கணும். வருதா வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. மீட்டர்ல எண்ணு வருதான்னு அர்த்தம். அந்த வேலையில அப்படித்தான் சொல்லுவாங்களாம், வருது, வரல. வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. சரி, உசிரு இருக்கு, நாளைக்குச் சுத்திப் பாத்துடுவோம், சுத்தினா எண்ணு ஏறணும், அதுதான் கடைசி டெஸ்டுன்னாங்க.

எனக்கு அன்னைக்கு முழுக்க மனசு அதுலயே இருந்துச்சு. கடைசின்னாங்களே.

இதுக்கு நடுவுல இன்னொரு விசயம் ஓடிக்கிட்டிருந்துச்சுக்கா. அதைச் சொல்லலேன்னா உங்களுக்குப் புரியாது. அவுங்களுக்குக் கம்பெனியில போட்ட ரெண்டு வருசம் முடியுது. இன்னொரு ரெண்டு வருசம் இருக்கியா, ஊருக்குப் போறியான்னு கேக்குறாங்களாம். இந்த வியாழக்கிழமைக்குள்ள, அதான் இன்னைக்கு, இன்னைக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள சொல்லணும். மெஷின் கெடுறதுக்கு முன்னாடியே ஒருநாள் கேட்டாங்க, நான் என்ன சொல்லட்டும் பிருந்தான்னு. வந்துட்டா இங்க கடைத்தெருவுலயே ஒரு ரிப்பேர் கடை வச்சுடலாம்னு அவுங்களுக்கும் ஒரு நினைப்பு உண்டு. அத்தைக்கு மாடி எடுக்கணும்னு நினைப்பு. நான் என்ன சொன்னேன்? உங்க இஷ்டம்னேன்.

இல்லக்கா, அப்படி இல்ல. வெடுக்குன்னு சொல்லல. மெதுவாச் சொன்னேன். உங்க... இஷ்டம்... னு. நடுவுல எவ்வளவு இடம் விட்டேன் தெரியுமா? சொன்ன விதத்துலயே புரிஞ்சிருக்கணும்ல? கட்டிக்கிட்டவுங்களுக்கு அது கூடவா தெரியாது?

சரி, அந்தப் பக்கத்தைக் கொடிக்கு மேல தூக்கிப் போடுங்க. கிளிப் இங்க இருக்கு. அட, இந்தக் கிளிப்புக்கே ஒரு கதை இருக்கு. சுத்திப் பாக்குற டெஸ்டு வந்துச்சுல்ல, அதுக்கு மூணு கை வேணும். மீட்டரோட ரெண்டு குச்சியையும் ரெண்டு கையால ஒயர்ல பிடிக்கணும், அப்புறம் பின்னால இருக்குற பெரிய சக்கரத்தைச் சுத்தணும். அங்க எப்பவும் ரெண்டு பேராத்தான் பாப்போம், ஒருத்தன் சுத்துவான், ஒருத்தன் பிடிப்பான்னாங்க. அத்தையைக் கூப்பிட்டேன். அந்தக் கரண்டுப் பெட்டிக்கிட்ட நான் வர மாட்டேன், நாலு சேலைய அலசிப் போடுற நேரத்துக்குச் சக்கரம் சுத்தி விளையாடுறீங்களே புருசனும் பொண்டாட்டியும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் கொடியில இருந்து ரெண்டு துணிக் கிளிப்பை எடுத்து, குச்சியையும் ஒயரையும் சேத்துக் கவ்வ விட்டேன். அவுங்க அங்க இருந்து பாத்துட்டு, அடி சக்கைன்னாங்க. பக்கத்துல இருந்தவரை வேற கூப்பிட்டுக் காட்டினாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.

அப்புறம் அவுங்க சொன்னபடி மீட்டரை வோல்ட்டுக்கு மாத்தி வச்சுட்டுச் சுத்தினேன்.

வருதான்னாங்க. வரலைங்கன்னேன். மாவாட்டுற மாதிரி ஆட்டாத, ஒரே சீராச் சுத்து, இப்ப வருதா? வரல. கிளிப் நழுவியிருக்கும், பாரு. இல்லைங்க, நல்லாத்தான் கவ்வியிருக்கு. சரி, வேகமாச் சுத்து. வருதா? முட்டை மட்டும்தாங்க நிக்குது. சுத்துறேன், சுத்துறேன், கை கடுக்குது, அது அசையவே இல்ல.

எனக்கு என்ன தோணுச்சுன்னு கேளுங்க. இந்த டெஸ்டு முடிஞ்சுட்டா, நாளையில இருந்து மறுபடி சாப்பிட்டியா, புள்ள சாப்பிட்டாளா, வைக்கவா. வியாழக்கிழமை வேற வருது. இப்ப கேட்டாத்தான் உண்டு. போனைப் பாத்தா கேக்க வராது. அதனால போனைப் பாக்கல. சக்கரத்தையே பாத்துக்கிட்டு, சுத்துற கையை நிறுத்தாம கேட்டேன். அப்போ, இனிமே வர்றதே இல்லையா?

இவ்வளவுதான்க்கா கேட்டேன்.

அவுங்க சொன்ன பதிலைக் கேளுங்க. ஒரு பெருமூச்சு கூட விடல. வர்றதுக்கு வாய்ப்பே இல்ல பிருந்தா, எத்தனை நாளைக்குத்தான் இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது, வேற ஒண்ணு பாத்துட வேண்டியதுதான்னாங்க. அப்படியே அந்த வார்த்தைதான். சந்தைக்குப் போய்ட்டு வரேங்குற மாதிரி அவ்வளவு லேசாச் சொல்றாங்க. அதுக்குள்ள அங்க யாரோ கூப்பிட்டாங்க, வைக்கிறேன்னு வச்சுட்டாங்க. நான் இன்னும் சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இருக்கேன். கை நிக்க மாட்டேங்குது.

மேலத்தெருவுல ஒரு அண்ணன் துபாய் போனவரு வரவே இல்ல. அங்கேயே வேற ஒண்ணு பாத்துக்கிட்டாரு. அந்த வீட்டு அக்கா இன்னும் நெத்தி நிறையப் பொட்டு வச்சுக்கிட்டு ரேசன் கடைக்கு வரும். வரிசையில முன்னாடி நிக்கிறவங்க தன்னால இடம் விட்டுடுவாங்க. அந்த மாதிரி யாரும் எனக்கு இடம் விட்டுடக் கூடாதுன்னுதான் நான் இப்ப ரேசனுக்கே அத்தையை அனுப்புறேன்.

அதுக்கப்புறம் நான் போனை எடுக்கல. எடுத்தா என்ன பேச? சாப்பிட்டேன்னா? போனை அத்தைகிட்டயே குடுத்துட்டேன். குளிக்கிறேன்னு சொல்லுங்க, கடைக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க. வாய்ஸ் மெசேஜா வந்து கெடக்கு வரிசையா. ஒண்ணைத் தொடல. மெஷினையும் தொடல. எல்லாத்தையும் இந்தக் கல்லுல போட்டு அடிக்கிறேன். இந்தக் கம்பளி கூட அழுக்கு இல்லக்கா. அவுங்களோடது. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருந்தது. எடுத்து ஊற வச்சுட்டேன்.

அத்தை கேட்டாங்க, கம்பெனிக்கு என்ன சொல்லணும்னு கேக்குறானேடி, நீ ஏன் வாயத் திறக்க மாட்டேங்குறன்னு. அவுங்கதான் எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே, இனி எது வசதியோ அதையே செய்யச் சொல்லுங்கன்னேன். அத்தையும் அப்படியே சொல்லிட்டாங்க போல. அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாது. நான் சொல்லல. எப்படிச் சொல்றது, உங்க மகன் வேற ஒண்ணு பாக்கப் போறாருன்னா?

சொல்லவே வேண்டியதில்ல. முந்தாநேத்து அவங்களே வந்து சொல்றாங்க. அடுப்படியில நிக்கிறேன், வந்து, ஏ பிருந்தா, எம் புள்ள நீலகண்டன் வேற ஒண்ணு பாத்துட்டானாம்டிங்குறாங்க. சிரிச்ச முகமாச் சொல்றாங்கக்கா. பெத்தவங்க. கரண்டி கீழ விழுந்துடுச்சு. அறந்தாங்கிக்கார தம்பி ஒருத்தன் இந்த வாரம் வர்றானாம், அவன்கூட அனுப்புறானாம்ங்குறாங்க. நான் கொல்லைக்கு ஓடியாந்துட்டேன். பின்னாலயே வந்து கதவுக்கிட்ட நின்னு இன்னும் சொல்றாங்க, சின்னதுதானாம்டி, அந்தத் தம்பி சட்டைப்பையிலயே போட்டுக் கொண்டாந்துடுவானாம்னு. நான் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன். அதுக்கு மேல கேக்க என்னால...

ஏன்க்கா சிரிக்கிறீங்க?

இல்ல, நீங்க சிரிக்கிறீங்க. வாயப் பொத்திக்கிட்டா தெரியாதா? எங்க கஷ்டம் உங்களுக்குச் சிரிப்பா இருக்குதா? இதுக்குத்தான் நான் யார்கிட்டயும் எதுவும் பேசுறதில்ல.

என்ன கேட்டீங்க? எது சட்டைப்பையில? அதான் சொன்னேனே, அவுங்க பாத்துட்டதா சொன்ன...

சட்டைப்பையில.

இருங்க. பேசாதீங்க, கொஞ்சம் இருங்க. நான் சுத்திக்கிட்டு இருந்தேன். வருதான்னாங்க. வரலைன்னேன். வருதான்னாங்க, வரலைன்னேன். அப்புறம் நான்தான் கேட்டேன், இனிமே வர்றதே இல்லையான்னு. யாரு வர்றதுன்னு நான் சொல்லல. சொன்னேனா? இல்ல, சொல்லல. நீங்கன்னு சொல்ல வாய் வரல, அதனால விட்டுட்டுக் கேட்டேன். அவுங்க மீட்டரைப் பத்திக் கேக்குறேன்னு... எத்தனை நாளைக்கு இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுன்னா, அந்தச் சென்சாரை. வேற ஒண்ணுன்னா, வேற சென்சார்.

அய்யோ அக்கா. சின்னதுதான் அது. என் வளையல் அளவுதான் இருக்கும். நானே பாத்திருக்கேன்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிப்பேன், அப்புறமா. அவுங்க எனக்காகத் தேடி ஒரு சாமான் வாங்கி, ஆள் பிடிச்சு அனுப்புறாங்க. நான் இத்தனை நாளா போனை எடுக்காம உக்காந்திருக்கேன். தான் என்ன தப்பு பண்ணோம்னு அங்க நினைச்சுக்கிட்டிருப்பாங்க. அத்தைகிட்ட ஒருநாள் கேட்டாங்களாம், நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா அம்மான்னு. அத்தை, அவ கெடக்கா விடுன்னு சொன்னாங்களாம்.

அப்போ வரமாட்டேன்னு அவுங்க சொல்லவே இல்ல.

வரேன்னும் சொல்லலதான். என்ன சொல்லட்டும்னுதான் கேட்டாங்க. நான்தான் உங்க இஷ்டம்னேன். அதுக்கு மேல போய், எது வசதியோ அதைச் செய்யச் சொல்லுங்கன்னும் சொல்லிவிட்டிருக்கேன். அதைக் கேட்டா அவுங்க என்ன நினைப்பாங்க? இவளுக்கு நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்னு. அப்படித்தானே நினைப்பாங்க? நானா இருந்தா அப்படித்தான் நினைப்பேன்.

நீங்க சொல்றது சரிதான். வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். கேஸ் கொண்டாந்து போடுறவருக்குச் சொல்றேன், வாங்கண்ணேன்னு. கணக்கெடுக்க வர்றவங்களுக்குச் சொல்றேன். உங்களைப் பாத்ததும் வாங்கக்கான்னு சொல்லலையா? யாருன்னே தெரியாது, சொன்னேன். அவுங்ககிட்ட மட்டும் தொண்டைக்கு மேல வர மாட்டேங்குது. கட்டின புருசனை எப்படி அக்கா வாங்கன்னு சொல்றது? அது நம்ம ஆசைப்படுற மாதிரி ஆயிடாதா?

ஆசைப்பட்டா என்னவா?

நீங்க லேசாக் கேட்டுட்டீங்க. எங்க வீட்டுலயெல்லாம் அப்படிக் கேக்குறது இல்ல. எங்கம்மா எங்கப்பாகிட்ட பேசி நான் பாத்ததே இல்ல. சோத்தைப் போட்டு வச்சுட்டுத் தள்ளி நிக்கும். அதுதான் வான்னு அர்த்தம். அப்பா வந்து உக்காந்துடுவாரு. நான் எங்க சோத்தைப் போட்டு வைக்கிறது, மஸ்கட்டுக்கு?

மணி என்ன இருக்கும்க்கா? மூணா? மூணு தாண்டிடுச்சா? அங்க நமக்குப் பின்னால நேரம். அப்படின்னா ஆபீஸ் இன்னும் மூடியிருக்க மாட்டாங்க. காலையில இருந்து ரெண்டு தடவை போன் அடிச்சுச்சு. அத்தை எடுத்தாங்க. நான் இங்க கல்லுல அடிச்ச அடியில என்ன பேசினாங்கன்னு காதுல விழல.

நான் ஒரு தடவை உங்ககிட்ட சொல்லிப் பாக்கவா? சிரிக்கக் கூடாது. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க, முகத்தைப் பாத்தா வராது. ஏங்க, நீங்க... இருங்க. ஏங்க, எனக்கு இங்க... இல்ல, இப்படி ஆரம்பிச்சா அழுதுடுவேன். அழுதா அத்தை போனை வாங்கிடுவாங்க. மெஷின்ல இருந்து ஆரம்பிக்கிறேன். மெஷின்னா எனக்குப் பேச வரும். ஏங்க, அந்தச் சென்சார் வந்தா எனக்கு மாட்டத் தெரியாது, அதை மாட்டுறதுக்கு நீங்களே...

அத்தை கூப்பிடுறாங்க. சும்மா இருங்க, என்னமோ சொல்றாங்க.

என்ன அத்தை? காது கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.

லைன்லயா இருக்காங்க? எங்க, ஆபீஸ்லயா? கையெழுத்துக்கு நிக்கிறாங்களா?

அய்யோ, ரெண்டு வருசத்துக்குப் போட்டுடவான்னு கேக்குறாங்களாம் அக்கா, சரின்னு சொல்லிடவான்னு அத்தை என்கிட்ட கேக்குறாங்க. அத்தை, சொல்லாதீங்க. சரின்னு சொல்லாதீங்க. இல்ல, குளிக்கல, இங்கதான் நிக்கிறேன், எனக்கு ஒரு வேலையும் இல்ல, போனை வச்சுடாதீங்க அத்தை, காதுல இருந்து எடுக்காதீங்க, இந்தா வந்துட்டேன், அவுங்ககிட்ட நானே